கடைமடையில் ஒரு டம்ளர் காப்பி

புறநோயாளிகள் பிரிவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, காப்பி குடிக்கலாமா என்பது. அண்மையில் சர்க்கரை நோய்க்காக வந்த முதிய உழவர் ஒருவர் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. "சோத்தக் குறைக்கச் சொல்லுங்க, குறைக்கிறேன். காப்பிய மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்கய்யா" என்றார். நிறுத்த வேண்டியதில்லை என்றேன். ஆயினும் எந்தக் காப்பி, எவ்வளவு, எப்படி என்று பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

உடல்நலமுள்ள பெரியவர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. கருவுற்ற பெண்களுக்கு அவ்வரம்பு 200 மில்லிகிராம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி அருந்த வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு சேர்த்து உட்கொள்ளக் கூடாது. இவற்றைக் காத்துக்கொண்டால் எஞ்சும் பகை சர்க்கரைதான். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 10 கிராம். மூன்று வேளைக்கு 30 கிராம். சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராம் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் மேலும் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வளவு சர்க்கரை ஏன் தேவைப்படுகிறது? டிகாஷனின் கசப்பை மறைக்கவே. நல்ல காப்பிக்கு அவ்வளவு மறைப்பு வேண்டாம். நல்ல காப்பியைத் தேடும்போது நாம் போய்ச் சேருமிடம், நமக்குத் தண்ணீர் வரும் அதே மலைதான்.

கல்லணைக் கால்வாயின் கடைமடை நம் பேராவூரணி. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணையோடு ஒட்டிப் பிறந்த அந்தக் கால்வாயில் வரும் காவிரி, குடகு மலையில் தோன்றுகிறது. இந்தியக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விளைவதும் அந்தக் குடகில்தான். அங்கே பழைய முறைத் தோட்டங்களில் அத்தி, பலா, ஈட்டி போன்ற பல மரங்களின் நிழலில் காப்பிச் செடி வளர்கிறது. மேலே இலைக்கூரை மழையின் வேகத்தைத் தாங்குகிறது. கீழே உதிர்ந்த சருகு மண்ணைப் பிடித்து நீரை உள்வாங்குகிறது. பறவைகளுக்கும் அது வீடு. விளைச்சலைப் பெருக்க நிழலைக் குறைப்பதும், பல்வகை மரங்களை வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் ஒன்றையே நடுவதும் பல தோட்டங்களில் நடந்துவருகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைக் கண்டவர்களுக்கு, ஒரே மரத்தை நம்புவதன் இடரை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பொடி வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். முதலாவது, எந்த மலை? குடகோ, ஏற்காடோ, கீழ்ப்பழனி மலையோ, ஊர் பெயர் சொல்ல முடிந்த கடையே மேல். இரண்டாவது, அரபிக்காவா, ரொபஸ்டாவா? பொதுவாக அடர்ந்த நிழலை நாடுவது அரபிக்கா. காஃபீனும் அதில் ஏறத்தாழப் பாதிதான். மூன்றாவது, சிக்கரி எவ்வளவு? கலவைப் பொடியில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும், விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பதும் விதி. சிக்கரி நஞ்சன்று, ஆனால் அதன் கருமையும் கருகிய இனிப்பும் காப்பியின் குணத்தை மூடிவிடும். இயற்கை வேளாண்மைக்கான சான்று முத்திரையோ, ரெயின்பாரஸ்ட் அலையன்ஸின் தவளை முத்திரையோ இருந்தால் நன்று. அதற்கான செலவைத் தாங்க இயலாத சிறு விவசாயிகளும் உண்டு. முத்திரை இல்லாததாலேயே ஒரு தோட்டத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

பிறகு சுவைத்துப் பாருங்கள். புதிதாக அரைத்த பொடியில் இறக்கிய முதல் டிகாஷனில் ஒரு கரண்டி எடுத்து, வெந்நீர் விட்டு, பாலும் சர்க்கரையும் இன்றி அருந்துங்கள். மெல்லிய புளிப்பும் மணமும் தெரிந்தால் நல்ல அரபிக்கா. தொண்டையில் கசப்பு மட்டுமே தங்கினால் ரொபஸ்டா மிகுதி, அல்லது வறுவல் கூடிவிட்டது.

விலை கூடுதலே, மறுக்கவில்லை. அதனால்தான் நான்கு டம்ளரை இரண்டாக்குங்கள் என்கிறேன். செலவு அதே அளவில் நிற்கும், சர்க்கரை பாதியாகும், இரவில் நோயாளியருகே விழித்திருக்கும் உறவினர்க்கும், விடிந்தபின் கிடைக்கும் சிறிது நேர உறக்கம் கெடாது.

அந்த முதியவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு உங்கள் வீட்டுக் காப்பிப்பொடியின் உறையையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.