கத்தியை எடுக்குமுன் கோழியைத் தூக்கிப் பாருங்கள்



தை பிறக்கப் போகிறது. மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த நாட்களில் ஆண்டுதோறும் எங்களுக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு. இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது. “நன்றாக முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழி நிறுத்திவிட்டது. என்ன மருந்து கொடுக்கலாம்?” வாசகி ஒருவர், “தீனிதான் தண்டம், கரிநாளுக்குக் குழம்பு வைத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை” என்று எழுதியிருக்கிறார். அவருக்காகத்தான் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

முட்டை போடவைக்கும் மருந்து என்று ஒன்று இல்லை. கடையில் விற்கும் கால்சியம் டானிக்கும் வைட்டமின் சொட்டும், அந்தச் சத்துகள் குறைந்த கோழிக்கு உதவும். காரணம் வேறாக இருந்தால் காசுக்குத்தான் கேடு.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். நாமக்கல் பண்ணைகளில் நிற்கும் வெள்ளைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் போடுகிறது. அது வெள்ளை லெகார்ன் வழி வந்தது. அடை உட்காரும் குணம் அற்றுப்போகும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம். அளந்து வைத்த தீவனமும் இரவில் விளக்கு வெளிச்சமும் அதற்கு உண்டு. நம் கொல்லையில் மேயும் சிறுவிடையை அந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை. அது ஆறு மாத வாக்கில் முட்டைக்கு வரும். ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை. நடுநடுவே நாள் விட்டுப் போடுவதால் அதற்கே மூன்று வாரம் ஆகிவிடும். அப்புறம் 21 நாள் அடை. அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம், சில கோழி மூன்று மாதம்கூடத் திரியும். ஆக ஒரு சுற்று முடிய நான்கு மாதம். ஆண்டுக்கு மூன்று சுற்று, கூடிப்போனால் நான்கு. ஐம்பது அறுபது முட்டை கிடைத்தால் அந்தக் கோழி தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் அது முட்டை போடாமல்தான் இருக்கும். வாசகர்கள் எழுதும் ‘நிறுத்திவிட்டது’ என்பதில் பாதிக்கு மேல் இந்த இயல்பான இடைவெளிதான் என்பது என் எண்ணம்.

இடைவெளி எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ள, இரவு கூட்டில் அடைந்த பிறகு கோழியைக் கையில் எடுங்கள். இருட்டில் அது அடித்துக்கொள்ளாது. இடது கையில் மாரைத் தாங்கிக்கொண்டு, வலது கை விரல்களால் வாலுக்குக் கீழே தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனை ஒன்று தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் கோழி முட்டையில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு விரல்தான் நுழைகிறது, எலும்பு விறைப்பாக இருக்கிறது என்றால் நிறுத்திவிட்டது. பின்துவாரம் அகலமாக, ஈரமாக இருந்தால் முட்டை வருகிறது. சுருங்கி வறண்டிருந்தால் இல்லை. கொண்டை சிவந்து பளபளவென்று இருப்பதும், வெளிறிச் சுருங்கிக் கிடப்பதும் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.

எலும்பு விரிந்திருக்கிறது, கொண்டை சிவந்திருக்கிறது, ஆனால் கூட்டில் முட்டை இல்லை என்றால் கோழி வேறெங்கோ போட்டுக்கொண்டிருக்கிறது. வைக்கோல் போரின் அடிப்பக்கம், விறகு அடுக்கின் சந்து, வேலியோரப் புதர் எல்லாம் தேட வேண்டிய இடங்கள். கூட்டில் ஒரு முட்டைகூட விடாமல் தினமும் எடுத்துவிடும் வீடுகளில் இது அதிகம் நடக்கிறது. காலையில் திறந்துவிடுமுன் சுண்டுவிரல் வைத்து முட்டை தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது நம் பாட்டிமார் வழக்கம். தட்டுப்பட்ட கோழியை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். பெரும்பாலும் முற்பகலுக்குள் போட்டுவிடும். ஒரு வாரம் இப்படிச் செய்து, போடும் இடத்தில் ஒரு முட்டையை அடையாளம் வைத்து விட்டுவந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கீரியோ சாரையோ எடுத்துப்போகிறதா என்பதும் இந்த ஒரு வாரத்தில் தெரிந்துபோகும்.

இனி அடைக்கோழி. கூட்டில் தட்டையாகப் படுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கை நீட்டினால் கொத்தும். அடிவயிற்று இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். முட்டை வயிற்றுத் தோலில் படப்பட, மூளையின் அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஊறுகிறது. அது ஊறும்வரை சூலகம் ஓய்ந்திருக்கும். அந்த நாட்களில் கோழி தீனியைப் பெரிதாக நினைக்காது. இறங்கி அவசரமாகக் கொத்திவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். எடை குறையும்.

இதை அடை தெளியவைக்க வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகிவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் விட்டுவிடுங்கள். மூக்கில் இறகோடு தலையை உதறி உதறித் திரியும் கோழியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. குஞ்சு வேண்டாம் என்றால், அடியில் காற்றுப் புகும்படி கம்பிவலைத் தரையிட்ட கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், வெளிச்சமான நிழலில் நான்கைந்து நாள் விட்டால் போதும். தீனியும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். வயிற்றுச் சூடு தணிந்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். குஞ்சு வேண்டும் என்பவர்கள், நான்கு வாரம் ஆனதும் குஞ்சுகளைப் பிரித்து, பல்பு போட்ட தடுப்பில் வளர்த்தால், தாய் சீக்கிரம் அடுத்த சுற்றுக்கு வந்துவிடும்.

அடையும் இல்லை, களவு முட்டையும் இல்லை என்றால் தீனியைப் பாருங்கள். ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு கட்டுவதற்கே சுமார் 20 மணி நேரம். ஒரு ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில், இரைப்பை காலியாகிற நேரத்தில் கட்டுகிறது. குறைகிற கால்சியத்தைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. எலும்பும் கொடுக்க முடியாமல் போகும்போதுதான் தோல் முட்டை வரும், அதன்பின் முட்டையே நிற்கும். சாயங்காலம் கொஞ்சம் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால் வேண்டிய அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும்.

கால்சியத்தைவிடப் பெரிய குறை புரதம். ரேஷன் அரிசியும் நொய்யும் மிச்ச சோறும் மட்டுமே தின்கிற கோழி கொழுக்கும், முட்டை போடாது. சூலகத்தைச் சுற்றிக் கொழுப்பு அடைந்துகொள்ளும். முன்பு எருக்குழியைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்றது. இன்று கொல்லையில் சிமெண்ட் போட்டுவிட்டோம், எருக்குழியும் இல்லை. கம்பு, சோளத்தோடு கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேருங்கள். தொட்டி இருந்தால் அசோலா வளருங்கள்.

காசில்லாத வழி கரையான். கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய கட்டை, பனையோலைத் துண்டு ஆகியவற்றைப் பழைய மண்பானைக்குள் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கவேண்டும். விடிந்ததும் பானையைத் தூக்கினால் சாக்கின் மடிப்புகளில் கரையான் அப்பிக்கொண்டிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்து வந்து முற்றத்தில் தட்டினால் போதும். கோழிகள் ஓடிவரும் வேகத்தைப் பார்க்கவே அந்தப் பானையைக் கவிழ்க்கலாம்.

மேலை நாட்டுப் புத்தகங்கள் வெளிச்சத்தைத்தான் முதல் காரணமாகச் சொல்லும். கோழியின் மூளை மண்டையோட்டின் வழியாகவே வெளிச்சத்தை உணர்ந்து பகல் நீளத்தை அளக்கிறது. 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால் முட்டை தொடரும். லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, அங்கே அது பெரிய காரணம்தான். சென்னையில் டிசம்பர்ப் பகல் சுமார் 11 மணி 25 நிமிடம், ஜூன் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் இதற்காக விளக்குப் போட வேண்டியதில்லை. நமக்கு வெயில்தான் எதிரி. அதைச் சித்திரை இதழில் விரிவாகப் பார்ப்போம்.

இறகு உதிர்ந்து, கழுத்து மொட்டையாக, வால் குட்டையாகத் திரிகிற கோழியைப் பார்த்து நோய் என்று பயப்படாதீர்கள். பழைய இறகை உதிர்த்துப் புது இறகு கட்டிக்கொள்கிறது. இறகு பெரும்பாலும் புரதம். முட்டைக்குப் போகவேண்டிய சத்து அங்கே போவதால் இரண்டு மூன்று மாதம் முட்டை நிற்கும். இந்த நேரத்தில் தீனியைக் குறைப்பது பெரிய தவறு. ஆனால் இறகும் முளைக்காமல் கோழி மெலிந்துகொண்டே போனால், இரவில் டார்ச் அடித்துக் கூட்டின் மரச் சந்துகளைப் பாருங்கள். பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும் உண்ணிகள் இருக்கும். வேப்பெண்ணெய் பூசி, சந்துகளை அடைத்து, கோழி புரள்வதற்குச் சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்று வையுங்கள்.

வயதான கோழிக்கு முட்டை குறையும், அது மாறாது. ஆனாலும் நாலு வயதுக் கோழி, இளங்கோழியின் முட்டையை வைத்தால் பொறுமையாக உட்கார்ந்து பொரித்துக் கொடுக்கும். பருந்து வட்டமிட்டால் குஞ்சுகளை முதலில் மறைப்பதும் அதுதான். கடிதம் எழுதிய சகோதரி, உங்கள் கோழி இந்த வகையாக இருந்தால் குழம்புக்கு வேறு வழி பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். ஒரே நேரத்தில் பல கோழிகள் முட்டையை நிறுத்தி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல். அதற்கு மருந்து கிடையாது, வருமுன் தடுப்பது ஒன்றே வழி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கான தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். சோர்ந்திருக்கும் கோழியை மட்டும் தனியே காட்டுங்கள். ஊசி போட்டபின் சில நாள் முட்டை குறையலாம், அதற்குப் பயந்து போடாமல் விட்டுவிடாதீர்கள். முகாம் நாளன்று காலையில் திறந்துவிட்டால் பிறகு பிடிக்க முடியாது, பஞ்சாரத்தோடு கொண்டுபோங்கள்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்