கணிப்பொறியும் நாடோடிக் கதைகளும்

நாடோடிக் கதைகளைக் கணிப்பொறியிலிட்டு வகைப்படுத்துதலும், அவ்வகைகளைப் படமாக வரைந்து காட்டுதலும் இந்நாளில் அறிஞர் சிலர் மேற்கொண்டுள்ள முயற்சிகளாம். கதையின் உயிரை இயந்திரம் அறியுமோ என்று நகைப்பார் பலர். அந்நகைப்பில் யாம் பங்குகொள்ளோம். அது தரும் முடிவை வேதவாக்காகக் கொள்வாரோடும் உடன்படோம்.

கதைகளுக்கு எண்ணிட்டு அடுக்கும் வழக்கம் கணிப்பொறிக்கு முந்தியது. பின்லாந்து நாட்டு ஆர்னே என்பார் 1910-இல் தொடங்கிய அடைவை அமெரிக்கராகிய தாம்ஸன் விரித்தார். ஜெர்மானியராகிய ஊதர் 2004-இல் திருத்தி வெளியிட்டார். அதன்படி செந்தொப்பிச் சிறுமியின் கதை 333. ஓநாயும் ஆட்டுக்குட்டிகளும் 123. கிழக்காசியாவிலோ, புலியொன்று பாட்டி வேடம் பூண்டு குழந்தைகளிடம் வரும் கதை வழங்குகின்றது. அஃது எவ்வெண்ணுக்கு உரியது? தெஹ்ரானி என்னும் மானிடவியலார் இவ்வினக் கதைகள் 58-ஐ எடுத்து, 72 கூறுகளை ஒப்பிட்டு, உயிரினங்களின் மரபுவழியை ஆராயும் முறையாற் கிளைப்படம் வரைந்து 2013-இல் வெளியிட்டார். கிழக்காசியக் கதைகள் இரண்டினமும் கலந்து எழுந்தனவாதல் கூடும் என்பது அவர் துணிபு. ஒற்றை எண் காட்டமாட்டாததைப் படம் காட்டிற்று. ஆயினும், கொடியது ஓநாயா புலியா, அது செய்யும் வஞ்சனை யாது என்பன கணக்கில் வரவேண்டும் என்று தேர்ந்தவர் மனிதரே. சொல்லியவளின் குரலும் சைகையும் அக்கணக்கில் ஏறவில்லை.

எமக்குப் பெரிதாகத் தோன்றும் பயன் வேறு. டென்மார்க்கிற் பள்ளியாசிரியராயிருந்த ஈவால்ட் டாங் கிறிஸ்டென்ஸென் (1843–1929) ஜட்லாந்தின் சிற்றூர்களில் அலைந்து கதை தொகுத்தார். அவர் களக்குறிப்பு ஏறத்தாழ 24,000 பக்கம். அச்சிட்டபொழுது பேய், சூனியம், புதையல் எனப் பொருள்வாரியாகப் பிரித்தமையால், ஒருவர் சொன்ன கதைகள் சிதறின; சொன்னவரும் மறைந்தார். டாங்கர்லினி முதலிய இக்கால ஆய்வாளர் கணிப்பொறித் துணையால் ஒரு கதையைப் பல தலைப்புக்களோடு பிணைத்தும், அது சொல்லப்பட்ட ஊரையும் அதனுள் வரும் ஊர்களையும் நிலப்படத்திற் குறித்தும், சொன்னவரை மீட்டனர். கிழவர் கைந்நூலில் பேரும் ஊரும் இருந்தமையாலன்றோ அது கூடிற்று!

விடுமுறையிற் கதை கேட்டெழுதி வரும் நம் மாணவருட் சிலர் 'ஒரு கிழவி சொன்னது' என்றெழுதி அமைகின்றனர். அவள் பேர், ஊர், எவர்வாய்க் கேட்டாள், எந்நாளிற் சொன்னாள் என்பவற்றுக்கு அரைப்பக்கம் போதும். பேரை எழுதுமுன் அவள் இசைவையும் கேட்டுக்கொள்க.