ஃபியூஸைப் பிடுங்கினால் வீடு வராது

அம்பத்தூரில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டவர்கள் எல்லாம் பண்ணையார்கள் அல்ல. எஸ்டேட்டில் வருஷக்கணக்காக மெஷின் ஓட்டிய காசில் கட்டியவர்களும் உண்டு. காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரரால் அவர்கள் படும் பாடு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கரண்டை நிறுத்துவதை, தண்ணீரை அடைப்பதை நான் ஏற்க மாட்டேன். 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் ஏற்காது. எழுத்தில் ஒப்பந்தம் போடு, பதிவு செய், கெடு முடிந்தும் போகவில்லையா, வாடகை நீதிமன்றத்துக்குப் போ என்கிறது அது. ஓனர்களோ கணக்கில் வராத பத்து மாத அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, “பேப்பர் எதுக்கு சார், எல்லாம் ஒரு நம்பிக்கைதான்” என்கிறார்கள். அப்புறம் கோர்ட்டு இழுக்குது என்று புலம்பல். பேப்பர் இல்லாவிட்டால் ஓனருக்கும் பிடிமானம் இல்லை, குடியிருப்பவருக்கும் இல்லை. ‘பேசி முடிக்க’ வரும் ஆட்களுக்குத்தான் லாபம்.