பழைய பாம்பன் பாலம்
பாம்பன் கடலில் பழைய ரயில் பாலத்தைப் பிரித்தகற்றும் ஏற்பாட்டில், அதன் நடுவிலுள்ள தூக்குப் பகுதி மட்டுமேனும் பழைய இரும்பாக விலைபோகாமல் காக்கப்பட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். 1914-இல் திறக்கப்பட்டு, 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் பலவற்றைக் கடலுக்குப் பறிகொடுத்தும், தூக்குப் பகுதி மட்டும் நிலைகுலையாது நிற்க, 46 நாட்களிலேயே செப்பனிடப்பட்டு மீண்டும் ரயிலைச் சுமந்த அப்பாலம், உப்புக் காற்றின் அரிப்புக்கு ஆளாகி 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றதும், அதனருகே செங்குத்தாக உயரும் தூக்குப் பகுதியோடு புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதும் அவசியமான மாற்றங்களே. பிரயாணிகளின் க்ஷேமத்தைவிடப் பழமை பெரிதென்று நாம் வாதிக்கவில்லை. ஆயினும், கப்பல் வரும் வேளைகளில், தொழிலாளர்கள் இருபுறமும் இரும்புத் தண்டுகளைக் கைகளால் தள்ளிச் சுற்றிச் சுற்றி வர, பற்சக்கரங்கள் மெல்ல உருண்டு, இரண்டு இரும்புச் சிறகுகள் ஆகாயத்தை நோக்கி விரிந்த அந்தக் காட்சியை, சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று குழந்தைகளுக்குக் காட்டாத குடும்பம் இப்பக்கத்தில் அபூர்வம். ஆகவே, பிரிக்கும் வேலை தூக்குப் பகுதியை எட்டுமுன், அதனைப் பற்சக்கரங்களும் தண்டுகளும் சிதையாமல் மண்டபம் கரையில் ஸ்தாபித்து, பொதுஜனங்கள் அருகில் சென்று பார்க்க வகைசெய்யும் உத்தரவை ரயில்வே நிர்வாகம் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.