வல்லூறுக்கு ஏ.சி. மாட்டிய கதை

அபுதாபியில் 22 வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ இடங்களில் மாட்டியிருக்கிறேன். 1989-இல் ஒருமுறை பறவைகளுக்காக மாட்டினேன்.

ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் தனி அறை. தரையெல்லாம் மணல். வரிசையாகக் குத்துக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வல்லூறு. கண்ணை மறைத்துத் தோல் தொப்பி. அதற்கு அங்கே 'புர்கா' என்றே பெயர். பறவைகளைப் பார்த்துக்கொண்டவர் பாகிஸ்தான்காரர், நல்ல மனிதர். "சத்தம் வராமல் துளை போடுங்கள் பாய்" என்றார். டிரில்லை எப்படிச் சத்தமில்லாமல் ஓட்டுவது? கடைசியில் எல்லாவற்றையும் பக்கத்து அறைக்கு மாற்றினார்.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர்தான் சொன்னார். மத்திய ஆசியாவிலிருந்து இலையுதிர் காலத்தில் வலசை வரும் இளம் வல்லூறுகளை, புறாவைக் கட்டிவைத்துப் பிடிப்பார்களாம். சில வாரங்களில் பழக்கி, குளிர்காலம் முழுக்க ஹுபாரா வேட்டை. அது நம் கானமயிலுக்குச் சொந்தக்காரப் பறவை. வெயில் ஏறத் தொடங்கினால் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். பாலைவனக் கோடையில் வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. அடுத்த வருஷத்துக்கு வேறு பறவை.

"இப்போதும் விடுவீர்களா?" என்று கேட்டேன். நான் மாட்டிய மெஷினைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் மனசில் இருக்கிறது. பிடித்ததைத் திரும்ப விடவைத்தது வெயில். அந்த வெயிலை வெளியே நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

வல்லூறு வளர்ப்பவர்கள் காட்டிலிருந்து பறவை பிடிக்க அனுமதிக்கலாமா என்று பல நாடுகளில் பல வருஷமாக வாதம் நடக்கிறது. நம் நாட்டில் 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி கூடாது, முடிந்தது. நான் ஒரேயடியாகக் கூடாது என்று சொல்லும் கட்சி இல்லை. காட்டில் பிறக்கும் குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் வருஷமே செத்துப்போகின்றன. அதில் ஒன்றிரண்டை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் நடந்ததையும் மறக்கக்கூடாது. டி.டி.டி. மருந்தால் அங்கே ராஜாளிகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. (நம் ஊரிலும் கொசுவுக்கு அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போவார்களே, அதே மருந்து.) 1960-களின் நடுவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டும் ஜோடி ஒன்றுகூட இல்லை. அப்போது கை கொடுத்தவர்கள் வல்லூறு வளர்ப்பவர்கள்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டாம் கேட் அவர்களில் ஒருவர். 1970-இல் ராஜாளிக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். மற்றவர்கள் தங்கள் சொந்தப் பறவைகளை இனப்பெருக்கத்துக்குக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். 1999-இல் ராஜாளி அழியும் பறவைகள் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. அதன் பிறகு எண்ணிக்கை வைத்து, உரிமம் கொடுத்து, கொஞ்சம் இளம் பறவைகளைப் பிடிக்க விட்டார்கள். எண்ணத் தெரிந்தவன் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் நான் பார்த்த அறையில் இருந்தவை பெரும்பாலும் 'சேகர்' என்கிற இனம். அரபியில் 'ஹுர்'; சுதந்திரமானது என்று அர்த்தம்! அது இன்று உலக அளவில் அழியும் நிலையில் இருக்கும் பறவை. ஆணைவிடப் பெண் பெரியது என்பதால் பெண்ணுக்குத்தான் கிராக்கி. முட்டையிட வேண்டியதையே பார்த்துப் பிடித்தால் கணக்கு எப்படிச் சரிவரும்? போதாததற்கு மங்கோலியப் புல்வெளிகளில் மின்கம்பங்களில் உட்கார்ந்தும் ஷாக் அடித்துச் சாகின்றன.

அரபிகள் இதை உணராமல் இல்லை. 1995-இலேயே ஷேக் சாயித் பேரில் வல்லூறுகளைத் திரும்ப விடும் திட்டம் தொடங்கினார்கள். மங்கோலியாவில் 5,000 செயற்கைக் கூடுகள் வைக்க அபுதாபிதான் பணம் கொடுத்தது. பண்ணையில் பிறந்த வல்லூறுகளும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அப்படியும் சிலர் காட்டில் பிடித்ததுதான் வேகம், அதுதான் வீரியம் என்கிறார்கள். எனக்கென்னவோ அது கௌரவப் பிரச்சினையாகத்தான் படுகிறது.

என்னைக் கேட்டால், சேகர் விஷயத்தில் இப்போதைக்கு அனுமதியே வேண்டாம். மற்ற இனங்களுக்குக் கொடுப்பதானால், பிடிக்கும் தேதியோடு திரும்ப விடும் தேதியையும் உரிமத்தில் எழுத வேண்டும். வெயில் செய்துவந்த வேலையை இனி காகிதம்தான் செய்தாக வேண்டும்.

மறு வருஷம் சர்வீஸுக்கு அதே அறைக்குப் போனேன். குத்துக்கட்டைகளில் அதே பறவைகள், தொப்பியோடு. உதிர்ந்த இறகுகளை அந்தப் பாகிஸ்தான்காரர் ஒரு டப்பாவில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். எந்தப் பறவைக்காவது இறகு முறிந்தால் ஒட்டுப்போட உதவுமாம். ஃபில்டரைக் கழற்றினேன், அதிலும் நான்கைந்து சிறகுத் தூவிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கழுவி மாட்டிவிட்டு வந்தேன்.