வியர்த்தால் கொழுப்பு கரையுமா?

ஊருக்கு ஊர் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிவிட்டன. ஒரு காலத்தில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று இருந்த இடங்களில் இன்று 'ஜிம்' என்ற பெயர்ப்பலகை தொங்குகிறது. கூடுதலாகப் பணம் கட்டினால் உங்களுக்கென்றே ஒரு தனிப் பயிற்சியாளரும் கிடைப்பார். எவ்வளவு எடையை எத்தனை முறை தூக்குவது, எதை உண்பது, எதை ஒதுக்குவது என்று எல்லாவற்றையும் அவரே சொல்வார். மேல்நிலை வகுப்பில் படிக்கும் உங்களில் சிலர் இத்தகைய கூடங்களில் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம்.

உடலை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசையே. ஆனால் இக்கூடங்களில் காதில் விழும் சில வாக்கியங்களைக் கேட்டால், கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என்னைப் போன்றவர்களால் சும்மா இருக்க முடிவதில்லை. 'நன்றாக வியர்க்கட்டும், கொழுப்பு கரையும்', 'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கலாம்', 'புரத மாவு இல்லாமல் தசை வளராது' என்பவை அவற்றுள் சில. பயிற்சியாளர் சொல்வதை ஏற்கும் முன் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பதே என் கருத்து. அதற்குத் தேவையான இயற்பியல் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

வியர்வை எதற்காக?

முதலில் வியர்வையை எடுத்துக்கொள்வோம். வேலை செய்யும் தசை, தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிறது. இந்த வெப்பம் வெளியேறாவிட்டால் உடலின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்கவே வியர்வை சுரக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் ஆவியானால், சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் படிப்பது இதுதான். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

ஆகவே வியர்வை என்பது சிறிது உப்புக் கலந்த நீர். அதில் கரைந்த கொழுப்பு ஏதும் இல்லை. பயிற்சி முடிந்ததும் எடை பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருக்கும். அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அது திரும்பிவிடும். சென்னையில் மே மாதத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும்தான் வியர்த்துக் கொட்டுகிறது. அதனால் அவர் இளைத்துவிடுகிறாரா என்ன?

இது வெறும் சொல் விவகாரம் அல்ல. அதிகம் வியர்க்க வேண்டும் என்பதற்காக ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உடை அணிந்துகொண்டு ஓடுபவர்கள் உண்டு. அந்த உடைக்குள் காற்று ஈரத்தால் நிறைந்துவிடுகிறது. வியர்வை ஆவியாக வழியில்லை. நீரும் போகிறது, உடலும் குளிர்வதில்லை. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். போட்டிக்கான எடைப் பிரிவுக்குள் வருவதற்காக, நீர் அருந்துவதைக் குறைத்து, வெப்பத்தில் இத்தகைய உடையணிந்து அவர்கள் பயிற்சி செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டிலேயே அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு அவ்வுடைகளுக்குத் தடை விதித்தது.

கொழுப்பு எங்கே போகிறது?

அப்படியானால் குறைகிற கொழுப்பு எவ்வழியாக வெளியேறுகிறது? விடை உங்களுக்கு வியப்பாக இருக்கும். பெரும்பகுதி மூச்சுக் காற்றோடு போகிறது!

பிரெஞ்சு அறிஞர்களான லவாய்சியரும் லாப்லாஸும் 1780-களில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்பதையும், அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டது என்பதையும் அளந்தார்கள். மூச்சு விடுதல் என்பது மெதுவாக நடக்கும் ஒருவகை எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். உடலின் கொழுப்பும் இவ்வாறே பிராண வாயுவுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் 2014-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது. 1.6 கிலோ மட்டுமே நீராகிறது.

வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமே என்று நினைத்துவிடாதீர்கள்! உடல் உழைத்து எரிபொருளை எரித்தால்தான் அந்தக் கூடுதல் கரியமில வாயு உண்டாகும்.

பத்துக் கிலோ வாக்குறுதி

இனி இரண்டாவது வாக்கியம். உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு குறைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி செலவாக வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000. இதை 30 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,570 கிலோ கலோரி. அதிக உடலுழைப்பு இல்லாத ஓர் ஆணின் ஒரு நாள் தேவையே சுமார் 2,100 கிலோ கலோரிதான். அதாவது, மாதம் முழுவதும் ஒரு பருக்கைகூட உண்ணாமல் இருந்தாலும் அந்தக் கணக்கு நிறைவேறாது! யாருக்காவது எடைக் கருவி அவ்வளவு இறங்கிக் காட்டினால், இறங்கியதில் பெரும்பங்கு நீரும் தசையுமே.

உண்டதைப் பயிற்சியால் ஈடுகட்டிவிடலாம் என்பதும் எளிதன்று. 25 கிராம் சர்க்கரை கரைந்த ஒரு புட்டி குளிர்பானத்தில் 100 கிலோ கலோரி இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள மாணவர் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி ஏறினால், செய்யும் வேலை 50 x 9.8 x 3 = 1,470 ஜூல். இது 0.35 கிலோ கலோரி. தசையின் திறன் கால் பங்குதான் என்பதால் செலவு 1.4 கிலோ கலோரி. அந்த ஒரு புட்டிக்கு ஈடாக அவர் சுமார் 70 மாடிகள் ஏற வேண்டும். இரண்டே நிமிடத்தில் குடித்ததற்கு எவ்வளவு பெரிய தண்டனை!

அப்படியானால் உடற்பயிற்சி வீணா? இல்லவே இல்லை. இதயமும் நுரையீரலும் வலுப்பெறுவது, எலும்பு உறுதியாவது, தசை வளர்வது, நல்ல உறக்கம் வருவது எல்லாம் பயிற்சியின் பயன்கள். எடைக் கருவியில் இவை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எடையை மெல்லக் கூட்டுங்கள்

நல்ல பயிற்சியாளரை எப்படி அறிவது? அவர் அவசரப்படுத்த மாட்டார். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. முழங்கையை மடக்கி 10 கிலோ எடையைப் பிடித்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். முன்கை ஒரு நெம்புகோல். முழங்கை மூட்டு அதன் ஆதாரப் புள்ளி. எடை அங்கிருந்து சுமார் 32 செ.மீ. தொலைவில் இருக்கிறது. தசை இணையும் இடமோ சுமார் 4 செ.மீ. தொலைவில். எனவே தசை எட்டு மடங்கு, அதாவது 80 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். கையில் ஒரு கிலோவைக் கூட்டினால் தசை நாணில் எட்டுக் கிலோ கூடும்! பக்கத்தில் இருப்பவர் தூக்குகிறார் என்பதற்காக நாமும் தூக்குவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களின் தசைகளை மீண்டும் வலுவாக்க எடைப் பயிற்சியைப் பயன்படுத்தினார். ஒவ்வொருவரும் தூக்கக்கூடிய எடையை அளந்தறிந்து, வலு கூடக் கூடப் பளுவையும் கூட்டினார். 1945-இல் இம்முறையை வெளியிட்டார். அளப்பது, குறிப்பது, சிறிது கூட்டுவது, ஓய்வு கொடுப்பது என்பதே நல்ல பயிற்சியின் சாரம். நம் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதுதானே?

மாவு வேண்டுமா?

புரதத்தைப் பற்றியும் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தபடி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 50 கிலோ எடைக்கு இது சுமார் 42 கிராம். வளரும் வயதில் சற்றுக் கூடுதலாக வேண்டும். இப்போது சமையலறைக்குள் போவோம். 250 கிராம் அரிசியில் சுமார் 19 கிராம், 50 கிராம் பருப்பில் 11, 50 கிராம் நிலக்கடலையில் 12, ஒரு டம்ளர் பாலில் 6. மொத்தம் 48 கிராம். முட்டை உண்பவர்கள் முட்டை ஒன்றுக்கு 6 கிராம் கூட்டிக்கொள்ளலாம். தேவைக்கு மேல் உண்ணும் புரதம் தசையாகக் குவிந்துவிடாது. அது எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறும். அதிலுள்ள நைட்ரஜனைச் சிறுநீரகம் யூரியாவாக வெளியேற்ற வேண்டும். உடலைப் பெருக்கப் புரத மாவுகளை உண்பதைத் தவிர்க்கும்படி ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் அறிவுறுத்தியது.

உங்களிடமே ஒரு பயிற்சியாளர்

எல்லாப் பயிற்சியாளர்களையும் நான் குறை கூறவில்லை. சரியான நிலையில் நிற்கவும் குனியவும் கற்றுத் தந்து, காயம் படாமல் காப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் எவரிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை அளக்கிறீர்கள்? எவ்வளவு காலத்தில் எவ்வளவு கூட்டுவீர்கள்? நீங்கள் சொல்லும் உணவு என் வீட்டில் கிடைக்குமா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை சொல்பவரை நம்பலாம். கடைசிக் கேள்விக்கு ஒரு டப்பாவை எடுத்துக் காட்டுபவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கென ஒரு காசும் வாங்காத பயிற்சியாளர் உங்கள் பள்ளியிலேயே இருக்கிறார். அவர்தான் உடற்கல்வி ஆசிரியர். பொதுத்தேர்வு நெருங்கியதும் அவருடைய வகுப்பைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். இயற்பியல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நேரம் எங்கள் பாடத்துக்கு வேண்டாம். வகுப்பில் கற்ற நெம்புகோலையும் உள்ளுறை வெப்பத்தையும் மைதானத்தில் உங்கள் உடலிலேயே சோதித்துப் பாருங்கள். அந்த வகுப்பு உங்களுடையது, விட்டுக்கொடுக்காமல் கேட்டு வாங்குங்கள்.