கம்பி கழற்றும் நாள்



இந்த முறை காய்ச்சலும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறோம். ஊஸ்டரில் நாங்கள் வாலிபர் கூட்டம் கூடும் மண்டபத்தின் வாசலில், சிறு சாடியில் நிற்கும் பொன்சாயைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் கீழ்க்கிளையில் திருகாணிப் புரிபோல ஒரு தழும்பு சுற்றிச் சுற்றிப் போகிறது. "இது என்ன?" என்று கேட்டவர்களுக்கு இதுவரை மழுப்பித்தான் பதில் சொன்னோம்.

அது ஜூனிப்பர் மரம். இங்கே கடைகளில் வக்கோல்டர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மேசையைச் சுற்றி நின்று அதற்குக் கம்பி போடப் பழகினோம். முதல் நாள் தண்ணீர் விடவில்லை. சற்றுக் காய்ந்திருந்தால் கிளை இலகுவாக வளையும். கம்பி அலுமினியம், மண்ணிறப் பூச்சுள்ளது. செம்புக் கம்பி இன்னும் உறுதியானது, ஆனால் வளைக்க வளைக்க அது இறுகிவிடும். பழகுகிறவர்களுக்கு அலுமினியமே நல்லது.

கம்பியின் தடிப்பு கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். முதலில் தண்டில் ஒரு சுற்றாவது சுற்றி ஊன்றிவிட்டு, பிறகு கிளையில் 45 பாகைச் சாய்வில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நெருக்கிச் சுற்றினால் வளையாது, அகலச் சுற்றினால் பிடிக்காது. பெரிய கிளை முதலில், சின்னக் கிளை பிறகு. ஒரு கம்பியின் மேல் இன்னொன்று குறுக்கே போகக் கூடாது. வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும், ஏனென்றால் பட்டை வெடிப்பது அந்தப் பக்கத்தில்தான். இரண்டு பெருவிரல்களையும் உள்பக்கம் கொடுத்து, மெதுவாக. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். எங்களுக்கு இரண்டு முறை கேட்டது.

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் தம்பி ஒருவன், "எனக்கும் இதுக்கும் ஒரே வைத்தியம்" என்று வாயைத் திறந்து காட்டினான். அவன் சொன்னது சரிதான். கம்பி கிளையை ஒரு இடத்தில் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். கிளை அந்த வடிவிலேயே நிற்பது, பட்டைக்குக் கீழே புது மரம் வளர்ந்து இறுகுவதால். பல்லைச் சுற்றிய எலும்பும் அப்படித்தான் கரைந்து மீண்டும் கட்டுகிறது. கை முறிந்தவருக்கு நாங்கள் மாக்கட்டுப் போடும்போதும் எலும்பைப் பொருத்துவது கட்டு இல்லை, எலும்புதான்.

தேநீர் கொண்டு வந்த ஆன்ரி ஒருவர் எட்டிப் பார்த்து, "பிள்ளை வளர்க்கிறதும் இப்படித்தான். இளசிலேயே வளைக்க வேணும்" என்றார். உடனே ஒரு தங்கை கேட்டாள்: "அப்ப எப்ப ஆன்ரி கழட்டுவீங்க?" எல்லோரும் சிரித்தோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

யூலை நடுவில் பாடசாலை விடுமுறை வந்தது. பாதிப் பேர் யாழ்ப்பாணம் போனார்கள், மீதிப் பேர் லண்டனுக்கும் பாரிசுக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தோம். கம்பியைப் பார்க்க ஆள் வைக்கவில்லை. மரம் வேகமாகப் பருக்கும் கோடையில் சில வாரங்களிலேயே கம்பி பட்டையைக் கடிக்கத் தொடங்கிவிடும். ஓகஸ்டில் திரும்பி வந்தபோது கீழ்க்கிளையில் கம்பி பாதி உள்ளே போயிருந்தது. சுற்றி எடுக்கப் பார்த்தால் பட்டையும் சேர்ந்து வரும். வெட்டும் குறடால் சுற்றுச் சுற்றாக நறுக்கித் துண்டு துண்டாக எடுத்தோம். ஒரு மணி நேரம் போனது.

எங்களுக்கு இதில் சாட்டே இல்லை. மாக்கட்டுப் போட்ட கையை வாட்டில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவர்கள் நாங்கள். விரல் நுனி என்ன நிறம், சூடாக இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, அசைகிறதா? நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா? வீக்கம் கூடி வலியும் ஏறினால், நள்ளிரவானாலும் வைத்தியரை எழுப்பிக் கட்டைப் பிளப்போம். அதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு கிளையை ஐந்து வாரம் திரும்பிப் பார்க்காமல் விட்டோம்.

எங்கள் தொழிலுக்கும் மரத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1741இல் பாரிஸ் மருத்துவர் நிக்கொலா அந்திரி, பிள்ளைகளின் உடற்கோணலை நிமிர்த்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். 'ஒர்தோபெடி' என்ற சொல்லே அவர் ஆக்கியது. நேர், பிள்ளை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. அந்த நூலில் வளைந்த இளமரம் ஒன்றை நேரான கம்பத்தோடு கயிற்றால் கட்டியிருக்கும் படம் உண்டு. எலும்பு மருத்துவச் சங்கங்கள் பல இன்றும் அதையே சின்னமாக வைத்திருக்கின்றன. 1780இல் நம்முடைய சுவிஸில், வோ மாநிலத்து ஓர்ப் ஊரில், ஜான் ஆந்திரே வெனெல் வளைந்த பாதமும் முதுகும் உள்ள பிள்ளைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். உலகின் முதல் எலும்பு மருத்துவ நிலையம் என்று அதைச் சொல்வார்கள். அந்திரியின் படத்தில் மட்டும் எங்களுக்கு ஒரு குறை. கயிறு இருக்கிறது, கட்டிய ஆளைக் காணோம்.

வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பைன் பொன்சாய் நிற்கிறது. 1625 முதல் சாடியில் வளர்வது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீற்றர் தூரத்தில், யமாக்கி குடும்பத்தின் தோட்ட மதிலுக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976இல் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். குண்டுக் கதை 2001இல் பேரன்மார் பார்க்க வந்தபோதுதான் அங்கே தெரியவந்தது. கிட்டத்தட்ட 400 வருடம்! அத்தனை காலமும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் மரம் இருக்கிறது. நுனிகள் பச்சையாகவே நிற்கின்றன. தழும்பு மங்கப் பல வருடம் எடுக்கும், முழுவதும் மறையாமலும் போகலாம். கிளை நாங்கள் நினைத்த வளைவில் நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குளிர் வந்தால் உள்ளே எடுத்து வைக்காதீர்கள், ஜூனிப்பர் வெளியிலேயே நிற்கும் மரம். சாடி உறையாதபடி சுற்றிக் கட்டினால் போதும்.

அடுத்த கூட்டத்தில் இரண்டாவது கிளைக்குக் கம்பி போடுகிறோம். சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கவிட்டிருக்கிறோம். ஏப்ரலில் இருந்து வாரத்துக்கு ஒரு பெயர் வேண்டும். யூலை, ஓகஸ்டில் ஊரில் நிற்கிறவர்கள் முதலில் எழுதுங்கள். அந்த ஆன்ரி தன் பெயரை ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு எழுதிவிட்டார்.